எட்டுப் பக்கங்களுக்கு ஒரு வரி

டீச்சர்,

போன கிழமை உங்கள் புத்தகம் மறுபடியும் அச்சாகி வந்தது. முச்சக்கரவண்டிக்காரர் ஒருவர் படலையில் கொடுத்துவிட்டுப் போனார். பொதியை அவிழ்த்ததும் புதுப் பசையின் வாடை எழுந்தது. அச்சகத்திலேயே காலத்தைக் கழித்த எனக்கு அந்த வாடை பிடிக்கும். பசி எடுப்பதுபோல ஒரு உணர்வு வரும். இந்த முறை வரவில்லை. முன்னட்டையில் துறைமுகத்தின் வண்ணப்படம். பின்னட்டையில் நீங்கள், பல் தெரியச் சிரித்தபடி. அந்தச் சிரிப்பைக் கணினியில் செய்து போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கிறேன். உங்களுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியாது.

நான் நேரே உங்கள் பள்ளிக்கூட அதிபரைப் பற்றிய கட்டுரைக்குப் போனேன். எட்டுப் பக்கமும் இருந்தது. உங்கள் தம்பியைப் பற்றிய அந்த ஒரு வரி இல்லை.

நீங்கள் இருந்து பார்த்ததை உங்களுக்கே எழுதுவது வீண்வேலை என்று திட்டுவீர்கள். நீங்கள் பார்க்காமல் போனவையும் இருக்கின்றன. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் எனக்கு மூச்சு வரும்போல இருக்கிறது.

நீங்கள் முதன்முதலில் பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் அச்சகத்துக்கு வந்தபோது கோதுமை மாப் பைக்குள் கையெழுத்துத் தாள்களைச் சுருட்டி வைத்திருந்தீர்கள். கடலோரக் கிராமங்களின் வரலாறு. தட்டெழுத அமர்ந்தவள் நான். மறுநாள் வந்து ஒப்புப் பார்த்தீர்கள். குறிஞ்சாக்கேணி என்பதை நான் ஓர் எழுத்து மாற்றி அடித்திருந்தேன்.

"எந்த ஊர் நீ?" என்று கேட்டீர்கள்.

"குறிஞ்சாக்கேணி, டீச்சர்."

"சொந்த ஊரையே பிழையா அடிக்கிறாய். என்ர ஊரை நீ எப்படி அடிச்சு வைச்சிருப்பாய்?"

அச்சகம் முழுக்கச் சிரித்தது. நான் பின்பக்கம் போய்க் குழாயடியில் நின்று அழுதேன். நீங்கள் பின்னாலேயே வந்தீர்கள். ஆறுதல் சொல்ல வருகிறீர்கள் என்று நினைத்தேன். "அழுது முடிச்சிட்டு வா. இன்னும் கனக்கக் கிடக்கு" என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நம் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது. இரண்டு பேரும் வேறு வேறு ஊர், வேறு வேறு மார்க்கம்; நீங்கள் கல்யாணம் கட்டாதவர், நான் புருசனை இழந்தவள். உங்களைப்போல ஒருவரிடமும் நான் திட்டு வாங்கியதில்லை. என்னைப்போல ஒருத்தியிடமும் நீங்கள் திரும்பத் திரும்ப வந்ததில்லை.

எல்லோரும் இப்போது உங்களைக் கருணைக்கடல் என்கிறார்கள். நீங்கள் அப்படி இல்லை. கிண்ணியாவில் வெள்ளக் காலத்தில் தோணி விட்டு ஊரையே கரைசேர்த்த அந்தப் பெரியவர் படுக்கையில் கிடந்தபோது என்னையும் இழுத்துக்கொண்டு போனீர்கள். அப்போது பாலம் வரவில்லை. களப்பைப் பாதைப்படகில் கடந்து, வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தோம். மகள் வாசலை மறித்தாள். "வாப்பா இப்பத்தான் கண்ணயர்ந்தவர், விடுங்க" என்றாள். "நித்திரையைப் பிறகும் கொள்ளலாம். தோணியில ஏத்தின ஆக்களின்ர பெயரை இப்ப சொன்னாத்தான் உண்டு" என்றீர்கள். எனக்கு உங்கள் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல இருந்தது. அவரை எழுப்பி உட்கார வைத்துக் கேட்டீர்கள். அவர் இருமி இருமிச் சொன்னார். அந்தக் கிழமையே மௌத்தாகிவிட்டார். மகள் இன்றைக்கும் உங்களைத் திட்டுவாள். அவள் வீட்டு முன்னறையில் உங்கள் புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

இப்படித்தான் ஊர் ஊராகப் போனீர்கள். தம்பலகாமத்து வயல்காரர், மூதூர்ப் பள்ளிக்கூடங்களை உண்டாக்கினவர்கள், புல்மோட்டையில் மண் அள்ள வந்து அங்கேயே குடியிருந்துவிட்டவர்கள். உங்கள் வீட்டு முன்னறையே பதிப்பகம். அலுமாரியில் சேலை இருந்ததைவிடக் காகிதம் அதிகம். கடைசியில் எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பெரிய நூலைத் தொடங்கினீர்கள்: துறைமுகத்தைச் சுற்றி வாழ்ந்து மறைந்த பெரிய மனிதர்கள் எல்லோரையும் ஒரே புத்தகத்துக்குள் கொண்டுவருவது.

அதில் அதிபர் இல்லாமல் ஏலாது என்று ஊருக்கே தெரியும். உங்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

உங்கள் ஊரான சல்லியிலிருந்து பெட்டைப் பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போகாத காலத்தில், சைக்கிளில் வந்து உங்கள் அப்பாவோடு கரைவலைக்குப் பக்கத்தில் நின்று வாதாடியவர் அவர். "இவளை மறிச்சா நான் நாளைக்கும் வருவன், நாளைண்டைக்கும் வருவன்" என்று சொன்னாராம். வந்தாராம். அவர் வந்திராவிட்டால் நீங்கள் ஆசிரியை இல்லை, எழுத்தும் இல்லை. விஞ்ஞான கூடம் கட்டுவதற்குத் தானே கல் சுமந்தவர். ஏழைப் பிள்ளைகளுக்குத் தன் வீட்டுக் குசினியில் சோறு போட்டவர். இதையெல்லாம் நீங்கள் எட்டுப் பக்கம் எழுதினீர்கள். நான் கணினியில் எழுத்தை அடுக்கிப் பக்கம் கட்டும்போது வாசித்து வாசித்துக் கண் கலங்கினேன். ஒரு மனிதரை இவ்வளவு நன்றியோடு எழுத உங்களுக்குத் தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஏழாம் பக்கத்தில் அந்த வரி வந்தது. "இவரது கையால் வாங்கிய ஓர் அறையினால், சல்லியிலிருந்து வந்த மாணவன் ஒருவன் கேட்டுக்கொண்டிருந்த ஒரே காதையும் இழந்து பள்ளிக்கூடத்தை விட்டு நின்றான், அவன் என் தம்பி."

நான் விரலை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு உங்களைப் பார்த்தேன். தம்பி ஒருவர் இருந்து, போர்க்காலத்தில் செத்துப்போனார் என்று மட்டுந்தான் சொல்லியிருந்தீர்கள். அன்றைக்குத்தான் முழுவதையும் சொன்னீர்கள். குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. யாருடையதோ கதையைச் சொல்வதுபோலச் சொன்னீர்கள்.

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு காதில் சீழ். அந்தக் காது கேளாது. மற்றக் காதால் சமாளித்துப் படித்தவன். விடிய வலை இழுத்துவிட்டு, குளிக்க நேரமில்லாமல், கையில் ஒட்டிய செதிலோடு காலைக் கூட்டத்துக்குப் பிந்தி ஓடிவந்திருக்கிறான். அதிபர் அவனை முன்னால் கூப்பிட்டார். "கடற்கரையைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டுவராதே எண்டு எத்தனைதரம் சொன்னனான்?" என்று கேட்டு, பிள்ளைகள் எல்லோருக்கும் முன்னால் அறைந்தார். நல்ல காதில் விழுந்தது. இரத்தம் வந்தது. நீங்கள் மாணவத் தலைவிக்குரிய பட்டியைக் குத்திக்கொண்டு முன்வரிசையில் நின்றீர்கள். தம்பி உங்களைப் பார்த்து என்னவோ கேட்டானாம். தன் குரலே தனக்குக் கேட்கவில்லை என்பது அவனுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. பயத்தில் கத்திக் கேட்டான். அதற்கும் அதிபர், "சத்தம் போடாதே" என்றார்.

அதன்பின் அவன் பள்ளிக்கூடம் போகவில்லை. கடலுக்குப் போனான். சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்றான். கெட்ட காலம் வந்தது. ஒரு காலை, டவுன் பக்கம் போகிற வழியில் காவலரணில் நின்றவர்கள் நிற்கச் சொன்னார்கள். பின்னாலிருந்து கூப்பிட்டார்கள். அவன் மிதித்துக்கொண்டே போனான். திரும்பவும் கூப்பிட்டார்களாம். சுட்டார்கள்.

"மீன் றோட்டெல்லாம் கொட்டிக் கிடந்தது" என்றீர்கள். "சனம் வீட்டுக்குள்ள இருந்து எட்டிப் பாத்தது, ஒருத்தரும் வரேல்லை. காகம்தான் வந்தது."

செத்த வீட்டுக்கு, ஆட்கள் பயத்தில் வராத அந்த நாளில், ஓய்வு பெற்ற அதிபர் வந்தார். அதைச் சொல்லும்போதுதான் உங்கள் உதடு லேசாகக் கோணியது. அவர் தம்பியின் முகத்தைக் குனிந்து பார்த்தார். உங்கள் தலையில் கை வைத்தார். "நல்ல பெடியன். படிச்சிருந்தா இப்படி வந்திருக்காது" என்று சொன்னார்.

"மறந்திட்டார், ரஹ்மா. நடிக்கேல்லை. உண்மையாவே அந்தாளுக்கு ஞாபகம் இல்லை."

மின்விசிறி தாள்களைத் தூக்கிக்கொண்டிருந்தது. நான் மெல்லக் கேட்டேன்.

"இந்த வரியை எடுத்தா என்ன டீச்சர்? அவரும் மௌத்து, தம்பியும் மௌத்து. பிள்ளைகள் பெரிய இடத்தில இருக்காங்க. சும்மா விடமாட்டாங்க."

"எட்டுப் பக்கம் அவருக்குக் குடுத்திருக்கிறன். தம்பிக்கு ஒரு வரி. அந்த ஒரு வரி ஏலாதெண்டால் எட்டுப் பக்கமும் பொய். எடுக்கிறதெண்டா எல்லாத்தையும் எடு."

நான் எடுக்கவில்லை. உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாரால் எடுக்க முடியும்?

வெளியீட்டு விழா உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஞாபகம் இல்லாமல் இருந்தால் நல்லது. அதிபரின் மகள்தான் முதலில் வாசித்தவர். உங்களோடு ஒரே வகுப்பில் படித்தவர், பழைய மாணவர்கள் மத்தியில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. முதல் பிரதியை அன்போடு நீங்களே அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். "அவளுக்குத் தெரியாமல் அச்சுக்கு விட்டது பிழை. வெளியீட்டுக்கு முன்னமாவது வாசிக்கட்டும்" என்றீர்கள். அதுதான் நீங்கள் செய்த ஒரே மென்மையான காரியம். அதற்குத்தான் பெரிய அடி விழுந்தது.

விழா அன்று காலையில் மண்டபம் இல்லை என்று அறிவித்தார்கள். கூரை ஒழுகுகிறதாம். அது மழையில்லாத மாதம். தலைமை தாங்க இருந்தவருக்குக் காய்ச்சல். வாழ்த்துரை சொல்ல இருந்தவருக்குக் கொழும்பில் அவசர வேலை. நயவுரைக்காரர் தொலைபேசியை எடுக்கவே இல்லை. நீங்கள் பச்சைக் காஞ்சிபுரம் உடுத்தி, தலையில் பூ வைத்து, உங்கள் வீட்டு முற்றத்தில் வாடகைக் கதிரைகளைப் போடச் சொன்னீர்கள். "வாறவை வரட்டும்."

வந்தது நான், கிண்ணியாவிலிருந்து நான் கூட்டிவந்த ஒரு வான் சனம், பக்கத்து வீட்டுக் கிழவர். கதிரைகள் வெயிலில் காய்ந்தன. றோட்டால் போன சிலர் மதிலுக்கு மேலால் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். நீங்கள் வெறுங்கதிரைகளுக்கு முன்னால் நின்று, எழுதி வைத்திருந்த ஏற்புரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் வாசித்தீர்கள். வராத தலைவருக்கும் நன்றி சொன்னீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். முடிந்ததும், "வடையைச் சாப்பிடுங்கோ, ஆறுது" என்றீர்கள்.

பிறகு புத்தகங்கள் திரும்பி வரத் தொடங்கின. முன்பே வாங்கியவர்கள் படலைக்கு மேலால் எறிந்துவிட்டுப் போனார்கள். ஒருநாள் நான் உங்கள் வீட்டில் இருக்கும்போது வாசலில் ஒரு பொட்டலம் கிடந்தது. அதிபரின் கட்டுரையைக் கிழித்து, அந்தத் தாளில் மீன்குடலைச் சுற்றி வைத்திருந்தார்கள். எழுத்தெல்லாம் இரத்தத்தில் ஊறியிருந்தது. நான் ஓங்காளித்தேன். நீங்கள் குனிந்து பிரித்துப் பார்த்தீர்கள்.

"பாரைக் குடல்" என்றீர்கள். "என்னை நாறடிக்கவெண்டு நல்ல மீனாத்தான் வாங்கியிருக்கினம்."

சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அதன்பின் கையைத் தேசிக்காய்ப் புளி விட்டுக் கழுவினீர்கள். கழுவிக்கொண்டே இருந்தீர்கள். போதும் டீச்சர் என்று நான் குழாயைப் பூட்டினேன். "பள்ளிக்கூடத்துக்குப் போற நாளெல்லாம் இப்படித்தான் கழுவுவன்" என்றீர்கள். "தம்பிக்கு ஒருநாள் நேரம் கிடைக்கேல்லை."

எல்லாவற்றையும்விட உங்கள் தங்கச்சி வந்த நாள்தான் கொடுமை. அவரின் மகள் அதே பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் படிப்பிக்கச் சேர்ந்திருந்தாள். ஆசிரியர் அறையில் ஒருத்தரும் அவளோடு கதைப்பதில்லை. அவள் இருந்த கதிரையில் யாரோ மீன்செதிலைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். தங்கச்சி வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கத்தினார்.

"செத்தவனுக்காக இருக்கிறவளைக் கொல்லப்போறியா அக்கா? அவன் எனக்கும் அண்ணன்தான். நான் ஊருக்குச் சொல்லிக்கொண்டா திரியிறன்?"

"நீ அவனைப் பற்றி வீட்டிலயே சொல்லுறேல்லை. உன்ர மகளுக்கு அவன்ர பெயர் தெரியுமோ, கேட்டுப் பார்."

"தெரியாமல் இருக்கிறதால அவளுக்கு என்ன குறை?"

தங்கச்சி போன பிறகும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவரும் அழுதுகொண்டுதான் போனார், டீச்சர். நீங்கள் அதைக் கணக்கில் எடுக்க மறுத்தீர்கள். அவர் பக்கத்திலும் ஒரு பிள்ளை இருந்தது. நான் அப்போதே சொன்னேன். "சோனகத்திக்கு எங்கட வீட்டு வழக்கு என்ன தெரியும்?" என்று கேட்டீர்கள். எங்கள் சனத்தை இளக்காரமாகச் சொல்லும் அந்தச் சொல்லைச் சந்தையில், பஸ்ஸில் கேட்டுக் கேட்டு எனக்குத் தோல் தடித்துவிட்டது. உங்கள் வாயிலிருந்து வந்தபோது தோல் இருந்த இடமே தெரியவில்லை. நான் என் பையை எடுத்துக்கொண்டு கிண்ணியா பஸ் ஏறிவிட்டேன்.

கனநாள் வரவில்லை. நீங்களும் கூப்பிடவில்லை. பிறகு ஒருநாள் மத்தியானம் எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றீர்கள். மன்னிப்புக் கேட்கவில்லை. மெலிந்திருந்தீர்கள், சேலை தோளில் நிற்கவில்லை. "நெஞ்சில கட்டி. பிந்திப்போச்சாம்" என்றீர்கள். குசினிக்குள் வந்து மர வாங்கில் உட்கார்ந்து, உம்மா கையால் சமைப்பதுபோலவே நான் சமைப்பதாகச் சொல்லி, இறால் கறியோடு இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டீர்கள். என் உம்மாவை நீங்கள் கண்டதே இல்லை. அது உங்கள் மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் உங்களைப் பார்க்க வந்தவர்கள் மிகக் குறைவு. வரலாற்றுப் புத்தகங்களில் நீங்கள் இடம் கொடுத்த குடும்பங்கள் டவுன் முழுக்க இருந்தன. தாத்தாவுக்கு இரண்டு பக்கம் கேட்டு உங்கள் வாசலில் மணிக்கணக்காக நின்றவர்கள் ஒருவரும் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த புல்மோட்டைப் பெண் ஒருத்தி, "இவங்களுக்கு ஆக்கள் இல்லையா?" என்று என்னிடம் கேட்டாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டே, "எனக்குத் தெரிஞ்ச ஆக்கள் எல்லாம் செத்துப்போனவை" என்றீர்கள். அவள் பயந்து திரும்பிப் படுத்துவிட்டாள்.

கடைசியாக நல்ல நினைவோடு இருந்த நாளில் என் கையைப் பிடித்தீர்கள். உங்கள் விரல்கள் குச்சிபோல இருந்தன.

"நான் செத்தபிறகு எல்லாரும் வருவினம். பேசுவினம். ஒருத்தரிலயும் கோபம் இல்லாத மனிசி, எல்லாத்தையும் மன்னிச்சிட்டுப் போனவ எண்டு சொல்லுவினம். நீ எழும்பிச் சொல்லு, இல்லையெண்டு."

"டீச்சர், அதெல்லாம் எதுக்கு இப்ப..."

"சொல்லுவியா, மாட்டியா?"

"சொல்லுறன்."

நீங்கள் சொன்னபடியே வந்தார்கள். செத்த வீட்டில் நிற்க இடமில்லை. மின்கம்பங்களில் உங்கள் படம், மண்ணின் மகள் என்று. மண்டபம் இல்லை என்றவர்கள் மாலையோடு நின்றார்கள். காய்ச்சல்காரர் இரங்கலுரை வாசித்தார். எனக்கு ஓரத்தில் பெண்களோடு நிற்கத்தான் இடம் கிடைத்தது. என்னால் அன்றைக்கு வாயைத் திறக்க முடியவில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போன பிறகு முற்றத்தில் தனியே நின்றேன்.

இந்த வருடம் அதிபருக்குப் பெரிய நினைவு விழா எடுக்கத் தொடங்கினார்கள். அவரைப் பற்றி ஒழுங்காக எழுதப்பட்டது உங்கள் எட்டுப் பக்கம் மட்டுந்தான். வேறு யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் உங்கள் புத்தகத்தை மறுபதிப்புச் செய்ய முடிவெடுத்தார்கள். உங்கள் தங்கச்சி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு என்னிடம் ஆள் வந்தது, கணினியில் இருக்கும் கோப்பைத் தரும்படி.

"ஏழாம் பக்கத்தில ஒரு சின்னத் திருத்தம் மட்டுந்தான்" என்றார் வந்தவர். மரியாதையான பேச்சு.

"அப்ப தரமாட்டன்."

"டீச்சரின்ர குடும்பமே சம்மதிச்சாச்சு. இது எங்கட ஆக்களின்ர விஷயம். உங்களுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்?"

"அந்தப் பக்கத்தைக் கட்டினது நான்."

என் மகன்கூட, "விடுங்க உம்மா, ஊரோட பகைச்சு என்ன கிடைக்கும்?" என்றான். நான் கொடுக்கவில்லை. கொடுக்காததால் எதுவும் நின்றுவிடவில்லை. டவுனில் யாரையோ வைத்துப் புத்தகம் முழுவதையும் திரும்பத் தட்டெழுதினார்கள். ஊர்ப் பெயர்கள் எல்லாம் பிழை. நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பிள்ளையையும் குழாயடிக்கு அனுப்பியிருப்பீர்கள். பிழைகளைத் திருத்த நேரமில்லாதவர்களுக்கு உங்கள் தம்பியை எடுக்க மட்டும் நேரம் இருந்தது.

புத்தகம் கைக்கு வந்த பிறகு வெளியீட்டுக்கும் போனேன். இந்த முறை மண்டபம் கிடைத்தது, கூரை ஒழுகவில்லை. நிரம்பி வழிந்த கூட்டம். மேடையில் உங்கள் படத்துக்குப் பெரிய மாலை. ஒருவர் எழும்பி, கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். "இறுதிக் காலத்தில் சிறு மனத்தாங்கல்கள் இருந்தன. ஆனால், அந்தத் தாய் அனைவரையும் மன்னித்து, யார் மீதும் கோபமின்றிக் கண் மூடினார்" என்றார்.

நான் எழும்பினேன், டீச்சர். "இல்லை" என்றேன். சத்தம் போதவில்லை. திரும்பவும் சொன்னேன். "அவ மன்னிக்கல்ல. கோபத்தோடதான் மௌத்தானவ. என்னை எழும்பிச் சொல்லச் சொன்னவ."

எல்லா முகமும் திரும்பியது. பேசியவர் என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "அம்மா துயரத்தில இருக்கிறா. நெருங்கிய சிநேகிதி. யாராவது தண்ணி குடுங்கோ" என்றார் ஒலிவாங்கியில். ஒரு பெண்பிள்ளை தண்ணீர்ப் போத்தலோடு ஓடிவந்தாள். அடுத்ததாக மாணவிகளின் நடனம் என்று அறிவித்தார்கள். சலங்கைச் சத்தத்தில் நான் நின்றுகொண்டே இருந்தேன். முன்னால் இருந்தவர், "மறைக்குது, இருங்கோ" என்றார். இருந்தேன்.

வெளியே வரும்போது அதிபரின் மகள் வாகனத்துக்குப் பக்கத்தில் நின்றார். முழங்கால் வருத்தம், கைத்தடி. என்னைக் கண்டதும் மற்றவர்களை அனுப்பிவிட்டுக் கிட்ட வந்தார்.

"உங்களுக்கு என்னில கோபம்" என்றார்.

நான் பையைத் தோளில் மாட்டினேன்.

"அவள் எழுதினது உண்மையெண்டு எனக்குத் தெரியும். முதல்தரம் வாசிக்கேக்கையே தெரியும். வீட்டிலயும் அதே கைதான். அம்மாவுக்கு, எனக்கு, எல்லாருக்கும்." தன் காதுக்குப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டினார். அங்கே எந்தத் தழும்பும் இல்லை. "நாங்கள் பட்டது எங்களோட போகட்டும். பேரப்பிள்ளையள் வாசிக்கிற புத்தகத்தில அவர் நல்லவரா இருக்கவேணும். அவள் திரும்ப வந்தாலும் நான் அந்த வரியைத் திரும்ப வெட்டுவன்."

"டீச்சருக்கு இருந்தது ஒரே தம்பி" என்றேன்.

"எனக்கும் ஒரே அப்பா."

கதவைத் திறந்து கஷ்டப்பட்டு ஏறி உட்கார்ந்தார். கண்ணாடி மேலே ஏறியது. அவர் அழுதாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அழுதிருந்தாலும் எனக்கு இரக்கம் வரவில்லை. அதை உங்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

நான் எழும்பிச் சொன்னதால் ஒன்றும் ஆகவில்லை, டீச்சர். இனி வாசிக்கிற பிள்ளைகளுக்கு உங்கள் தம்பி பிறக்கவே இல்லை. நீங்கள் மன்னித்த தாய். ஊர் அப்படித்தான் உங்களை வைத்திருக்கப்போகிறது. பழைய பதிப்பில் கொஞ்சம் என்னிடம் இருக்கிறது. எப்போதாவது பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் தேடி வந்தால் அதைத்தான் கொடுக்கிறேன். சிலர் ஏழாம் பக்கத்தில் நிற்பார்கள், சிலர் புரட்டிவிட்டுப் போவார்கள்.

கோபத்தை என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். அது ஆறும் என்று பார்த்தேன், ஆறவில்லை. வேறொன்றும் என்னிடம் தங்கிவிட்டது. கிண்ணியாச் சந்தையில் தெரிந்தவர்கள் யாராவது முன்னால் நடந்து போனால் நான் பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. இந்த வயதில், பையையும் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அவர்களை முந்திப் போகிறேன். முன்னால் நின்று, முகத்தைப் பார்த்த பிறகுதான் வாய் திறக்கிறேன்.